தளேகாவில் குளிர் அளக்கப் போனேன்

புனேக்குப் போகிறேன் என்றதும் எங்கள் அபார்ட்மெண்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மலைக்கோட்டை ஏறிப் பார்க்கச் சொன்னார் ஒருவர். லோனாவாலா வரை போய்க் கடலை மிட்டாய் வாங்கி வரச் சொன்னார் இன்னொருவர். நான் போனது தளேகாவில் உள்ள ஒரு குளிர் அறையின் உள்பக்கத்தைப் பார்க்க. அதையும் பதினைந்து இடங்களில் இருந்து பார்க்க வேண்டும் என்று உத்தரவு.

கோயம்புத்தூரில் கருவிகளைச் சரிபார்த்துச் சான்றிதழ் தரும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை செய்கிறேன். இருபது வருடமாக நாற்காலியை விட்டு நகராமல் தெர்மாமீட்டர்களின் நாணயத்துக்கு உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெளியூர் வேலைகளுக்கு ஓர் இளைஞர் இருந்தார். அவருக்கு டெங்கு வந்துவிட்டது. எம்.டி. என்னைக் கூப்பிட்டு, "உங்களை விட்டா இந்தக் கருவியப் பத்தி யாருக்கு மேடம் தெரியும்" என்றார். அவர் வாயிலிருந்து பாராட்டு வந்தால் பின்னாலேயே ஒரு தண்டனை வரும் என்பது எங்களுக்கெல்லாம் அத்துப்படி. பெட்டியைக் கட்டினேன்.

கருவி என்றால் டேட்டா லாகர். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். ஓரிடத்தில் வைத்துவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அங்கே எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று மனசுக்குள் குறித்துக்கொள்ளும். திரையில் அந்த நிமிடத்துச் சூட்டை மட்டும் காட்டும், மற்றபடி யாரிடமும் வாயைத் திறக்காது. நாலு நாள் கழித்துக் கம்ப்யூட்டரில் செருகினால் நேரம் தவறாமல் எல்லாவற்றையும் ஒப்பித்துவிடும். எங்கள் ஆபீஸில் மனித ரூபத்திலேயே இப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள்.

புனே ஸ்டேஷனில் இறங்கியதுமே ஒரு போலீஸ்காரருக்கு என் பெட்டியின் மேல் காதல் வந்துவிட்டது. திறந்து பார்த்தால் பதினைந்து டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை விளக்கு கண்ணடித்துக்கொண்டிருக்கிறது. என்னுடைய இந்தி, சினிமா பார்த்துக் கற்றது. அதில் காதலிக்கலாம், பழி வாங்கலாம், போலீஸுக்கு விளக்கம் சொல்ல முடியாது. "கர்மி தேக்னே கா", அதாவது சூடு பார்ப்பதற்கு, என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் ஒன்றை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு, எனக்கு ஜுரம் இருக்கிறதா பார் என்றார். இல்லை என்றேன். வீட்டில் நம்ப மாட்டார்கள், எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுவிட்டுச் சிரித்து அனுப்பினார்.

லோனாவாலா போகும் லோக்கலில் ஏறினேன். பெண்கள் பெட்டியில் எதிரே இருந்த அம்மாளிடம் தளேகாவ் வந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். அவர் பட்டாணி உரித்தபடியே தலையாட்டினார். புனேக்காரர்கள் வழி சொல்வதில் கஞ்சர்கள் என்று படித்திருக்கிறேன். இந்த அம்மாள் தாராளப் பிரபு, ஒரு ஸ்டேஷன் முன்னதாகவே இறக்கிவிட்டார். கோராவாடி என்ற அந்த ஸ்டேஷனில் என்னையும் ஒரு நாயையும் தவிர யாருமில்லை. அடுத்த வண்டி எப்போது என்று கேட்க டிக்கெட் கவுண்ட்டருக்குப் போனேன். கவுண்ட்டரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதன் பொருளைப் பிறகு தெரிந்துகொண்டேன். "வண்டி வரும்போது வரும். வந்தால் சத்தம் கேட்கும்." தெரிந்துகொண்டபோதே இந்த ஊரை எனக்குப் பிடித்துவிடும் என்று தோன்றியது.

வண்டியின் சத்தம் கேட்டபோது இருட்டிவிட்டது. இப்படியாக முதல் நாள் வேலை ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒரு நாள் தாமதம் பிறகு என்னென்ன செய்யப்போகிறது என்று தெரியாமல் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து கோராவாடியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை குளிர் கிடங்குக்குப் போனேன். முதலாளியை எல்லோரும் மாலக் என்றார்கள். மராட்டியில் முதலாளிக்கு அதுதான் சொல். மாலக்குக்கு அறுபது வயதிருக்கும். இடுப்பில் ஒரு சாவி தொங்கியது. குளிர் அறைக்கு அது ஒன்றுதான் சாவி என்றும், யாரிடமும் கொடுப்பதில்லை, காலையில் திறப்பதும் சாயங்காலம் பூட்டுவதும் தன் கையால்தான் என்றும் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் இன்சுலினும் தடுப்பூசி மருந்துகளும் உள்ளே இருக்கின்றன. இரண்டு டிகிரிக்குக் குறையவும் கூடாது, எட்டுக்கு மேல் போகவும் கூடாது. போன மாதம் ஒரு மூலையில் இருந்த பெட்டிகள் சூடாகிக் கெட்டுப்போயிருக்கின்றன. மருந்துக் கம்பெனி அறையைச் சோதித்த அறிக்கை கேட்டிருக்கிறது. அதற்குத்தான் நான்.

பாதி இங்கிலீஷும் பாதி இந்தியுமாக மாலக் எனக்கு வேலையைச் சுருக்கமாக விளக்கினார். அறை முதல் தரம், அதைப் பார்த்துக்கொள்கிற ஆள் மூன்றாம் தரம். மத்தியான நேரத்தில் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஃபோன் பேசப் போய்விடுகிறான். அறை நன்றாக இருக்கிறது என்று நீங்கள் எழுதிக் கொடுங்கள், மாதக் கடைசியில் அவனை அனுப்பிவிடுகிறேன். அதாவது பரிசோதனை முடிவதற்கு முன்பே தீர்ப்பு தயாராக இருந்தது. பதினைந்து லாகரையும் கோயம்புத்தூரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

அந்த மூன்றாம் தர ஆள்தான் எனக்கு உதவிக்கு வந்தார். பெயர் செல்வம், நாற்பது வயதுக்குள் இருக்கும். என் பெட்டியில் ஒட்டியிருந்த கோயம்புத்தூர் முகவரியைப் பார்த்துவிட்டு, "தமிளாக்கா நீங்க?" என்றார். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து ராணுவ ஒர்க்ஷாப் வேலைக்கு வந்தவர், இவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இதே ரயில் பாதையில் புனேக்குப் பக்கத்தில் உள்ள தாபோடி. தமிழில் ஆரம்பித்து, நடுவில் இந்தியில் ஏறி, மராட்டியில் இறங்குவார். அவருக்குத் தெரியாமலே மூன்று ஸ்டேஷன் தாண்டிவிடுவார்.

குளிர் அறைக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நுழைந்தோம். லாகரை வைப்பது சும்மா வைத்துவிட்டு வருகிற வேலை இல்லை. முதலில் எல்லாவற்றையும் லேப்டாப்பில் செருகி ஒரே நேரத்துக்குக் கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டும். ஒன்று பத்து நிமிடம் முந்தினாலும் பிறகு எல்லாம் குளறுபடி. பிறகு மேல் தட்டு, நடுத் தட்டு, கீழ்த் தட்டு என்று நான்கு மூலையிலும், கதவருகிலும், குளிர்காற்று ஊதும் மின்விசிறிகளுக்கு முன்னாலும் கட்ட வேண்டும். எந்த நம்பர் எங்கே என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும். ஒன்பதாம் நம்பரை எடுத்துக்கொண்டு பின்பக்க வலது மூலை, மேல் தட்டுக்கு ஏணி போட்டபோது செல்வம் ஏணியைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, அந்த கோனால, அந்த மூலைல, தோடா பாத்து வைங்க. பெட்டி கெட்டது அங்கதான். பின்னாடி ஃபேன் ஒளுங்கா சுத்தல. ஒரு வருசமா சொல்றேன். மூணு வாட்டி சொன்னேன்."

"எழுதிக் குடுத்தீங்களா?"

"மாலக் கிட்ட யாருக்கா எழுதிக் குடுப்பா? வாயாலதான் சொன்னேன். இப்ப நான் கதவத் தொறந்து போட்டேன்னு எல்லாரையும் நிக்க வச்சி, அவங்க முன்னாடி சொல்லிட்டாரு."

கோபமாகச் சொல்லவில்லை. மின்விசிறியைப் பற்றிப் பேசியபோது இருந்த அதே குரல்தான். அறை பாஸ் என்றால் இந்த மனிதன் ஃபெயில். அறை ஃபெயில் என்றால் எங்கள் எம்.டி. முகத்தில் நான் எப்படி விழிப்பது? பணம் கொடுத்துக் கூப்பிட்டவருக்கு நல்ல செய்தி சொல்வதுதான் எங்கள் தொழிலின் எழுதாத சட்டம். பதினைந்தையும் கட்டி முடித்து, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஓட விட்டேன். மூன்று முழு நாள் ஓட வேண்டும்.

சாப்பிடப் போனால் அங்கே வேறு சோதனை. நவராத்திரி என்பதால் கிடங்கில் பாதிப் பேர் உபவாசம். நம்மூரில் உபவாசம் என்றால் பட்டினி. இங்கே உபவாசம் என்றால் அரிசியையும் கோதுமையையும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் நெய்யில் போட்டு ஒரு பிடி பிடிப்பது. ஜவ்வரிசியை வேர்க்கடலை, உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய் சேர்த்து உப்புமா மாதிரி கிண்டித் தந்தார்கள். பாயசத்திலும் வடகத்திலும் மட்டுமே பார்த்துப் பழகிய ஜவ்வரிசி காரமாக வாய்க்குள் போனபோது முதலில் ஏமாற்றப்பட்ட உணர்வு. இரண்டாம் தட்டு வாங்கும்போது அது போய்விட்டது. விரதம் இருக்கிறவர்கள் என் வயிற்றைப் பார்த்துப் பரிதாபப்பட்டு மூன்றாவதும் வைத்தார்கள்.

மூன்றாம் நாள் பிற்பகலில் உள்ளே போய் ஒவ்வொரு லாகரின் திரையையும் பார்த்தேன். பதினான்கு, ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நல்ல பிள்ளையாக இருந்தன. ஒன்பதாம் நம்பர் மட்டும் பத்தைத் தாண்டி நின்றது. மாலக்கிடம் சொன்னேன். உங்கள் ஒன்பதாம் நம்பர் கெட்டுப்போனது என்றார். சான்றிதழைக் காட்டினேன். அப்படியென்றால் செல்வம் கதவைத் திறந்து போட்டிருப்பான் என்றார். கதவருகில் இருக்கும் லாகர் ஆறைத் தாண்டவில்லை என்றேன். சூடு நேராகப் பின்மூலைக்குப் போயிருக்கும் என்றார். கதவருகே நிற்காமல் நேராகப் போகும் சூட்டை நான் இருபது வருடத்தில் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவரை மறுக்கவும் என்னிடம் வழியில்லை. நாள் முழுக்க ஆட்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருக்கிறார்கள். கதவு எத்தனை நேரம் திறந்திருந்தது என்று யாருக்குத் தெரியும்?

சாயங்காலம் எம்.டி. ஃபோன் செய்தார். ரிப்போர்ட் நல்லபடியாக வருகிறதா என்று விசாரித்தார். ஒரு மூலை சரியில்லை என்றேன். "பார்த்து எழுதுங்க மேடம்" என்றார். எங்கள் ஆபீஸில் அந்த மூன்று வார்த்தைக்கு அர்த்தம் பார்க்காமல் எழுதுங்கள் என்பது.

நான்காம் நாள் ஆயுத பூஜை. அன்று நான் செய்த தப்பை வேறு எந்த ஊர்க்காரியும் செய்திருந்தால் மன்னிக்கலாம். கோயம்புத்தூர்க்காரி செய்யலாமா? எங்கள் ஊரில் லேத் மிஷினில் ஆரம்பித்து ஆபீஸ் ஸ்டேப்ளர் வரைக்கும் சந்தனம் பூசாமல் விட மாட்டோம். போன வருடம் என் கால்குலேட்டருக்குள் போன குங்குமம் இன்றைக்கும் ஏழாம் நம்பர் பொத்தானை அழுத்தவிடாது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவள், பூஜை நாளில் பதினைந்து கருவிகளைக் கிடங்கில் தனியாக விட்டுவிட்டு, மிசல் சாப்பிடக் கடைவீதிக்குப் போனேன்.

மிசலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முளைகட்டிய பயறைக் குழம்பாக்கி, மேலே மிக்சரைக் கொட்டி, சிவப்பாக எண்ணெய் மிதக்கவிட்டு, பன்னோடு தருகிறார்கள். காரம் குறைவாக வேண்டும் என்றேன். அப்படியென்றால் எதிரே ஐஸ்கிரீம் கடை இருக்கிறது என்று சப்ளையர் பணிவோடு வழிகாட்டினார். கண்ணீர் விட்டுத் தின்று முடித்துக் கிடங்குக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று.

குளிர் அறைக்கு வெளியே ஒரு மேஜை. அதன் மேல் சிவப்புத் துணி. அதில் வரிசையாகப் பதினைந்து லாகர்கள். ஒவ்வொன்றுக்கும் செண்டுமல்லி மாலை, திரையில் மஞ்சளும் குங்குமமும். பக்கத்தில் ஸ்பேனர், பாரம் தள்ளும் வண்டி, தராசு எல்லாம் இரண்டாம் வரிசையில். முதல் மரியாதை கோயம்புத்தூரிலிருந்து வந்த விருந்தாளிகளுக்கு. ஒருவர் கற்பூரத் தட்டை ஒன்பதாம் நம்பரின் மூக்குக்கு நேராகச் சுற்றிக்கொண்டிருந்தார். கிடங்கில் மூட்டை தூக்குகிற ஆறு பேரும் என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்கள். என் பொருளை விட்டுவிடாமல் எல்லாவற்றையும் தேடிப் பிடித்துக் கட்டவிழ்த்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் என்ன சொல்ல? கைகூப்பிக் கும்பிட்டேன்.

செல்வம் கூரையில் நின்று கம்ப்ரஸர் பக்கத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். இறங்கி வந்து மேஜையைப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "போச்சுக்கா" என்றார். அளவு எடுத்துக்கொண்டிருக்கும் லாகரை இடத்தைவிட்டு எடுத்தால் பரிசோதனை செல்லாது. அது அவருக்கும் இப்போது தெரிந்திருந்தது. நான் தலையில் கைவைத்து நிற்பதற்குள் ஆறு பேரும் ஓடிப்போய்ப் பதினைந்தையும் கிடைத்த இடத்தில் கட்டிவிட்டு வந்துவிட்டார்கள், மாலையோடு. உள்ளே போய் எது எங்கே என்று பார்க்கிறேன் என்றேன். பூஜைக்கு வந்திருந்த மாலக் கையைக் காட்டி நிறுத்தினார். வீட்டில் பூஜைக்கு நேரமாகிறது, நாளை தசரா, நாளை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். எல்லோரையும் வெளியே அனுப்பிக் குளிர் அறையைப் பூட்டினார். சாவி இடுப்புக்குப் போயிற்று. மெயின் கேட்டையும் பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் ஏறினார். போகும்போது சந்தோஷமாகவே போனார். பூஜையால் எல்லாம் பாழ், மறுபடி எடுக்கலாம், அதற்குள் மூலையைக் காலி செய்து குளிரைக் கூட்டி வைத்துவிடலாம் என்ற கணக்கு அவர் முகத்திலேயே ஓடியது.

தசராவன்று எனக்குப் போக்கிடம் இல்லை என்று செல்வம் தாபோடிக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். இந்தத் தடவை யாரையும் நம்பாமல் ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் நானே படித்துக்கொண்டு போனேன். இரண்டு அறை வீடு. பின்னால் ரயில் போனால் பாத்திரம் பேசும். செல்வத்தின் மனைவி லதா பள்ளியில் கணக்கு டீச்சர். பேச்சும் விடைத்தாள் திருத்துவது மாதிரிதான்.

பக்கத்து வீட்டு மராட்டி அம்மாள் வந்து என் கையில் ஒரு இலையைக் கொடுத்து, தங்கம் வாங்கிக்கொள், தங்கம் மாதிரி இரு என்று வாழ்த்தினார். பார்த்தால் நம்மூர் ஆத்தி இலை. இன்றைக்கு இங்கே அதற்குத் தங்கம் என்று பெயர். எங்கள் ஊர் நகைக்கடைக்காரர்கள் இந்தப் பண்டிகையைக் கேள்விப்படாமல் இருப்பது நல்லது.

இரண்டு மணிக்கு இலை போட்டார்கள். பூரியும் ஸ்ரீகண்டும், பக்கத்தில் சாம்பார், உளுந்து வடை. தயிரை வடிகட்டிச் சர்க்கரையும் ஏலக்காயும் போட்ட ஸ்ரீகண்டை நான் தயிர்ப்பச்சடி என்று நினைத்து வடையைத் தோய்த்தேன். லதா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அப்படி நடந்துகொள்வதற்குப் பெரிய மனசு வேண்டும். ஆனால் அடுத்த கேள்வியில் அந்தப் பெரிய மனசைக் காணோம்.

"உங்க மெஷின் என்னக்கா சொல்லுது? இவரு தொறந்து போட்டாரா, இல்லியா?"

இன்னும் தெரியவில்லை என்றேன். செல்வம் பூரியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"எனக்கே சந்தேகம்தான். வூட்ல ஃபிரிட்ஜ் கதவு பாதி நேரம் தொறந்துதான் கெடக்கும். ஊரே சொல்லுதே, நான் எப்படி நம்பறது?"

இதைச் சொல்லிவிட்டு அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு வடை எடுக்க உள்ளே போனார். செல்வம் என்னைப் பார்க்கவில்லை. வேலை போவது ஒரு பக்கம். கதவைத் திறந்து போட்டு மருந்தைக் கெடுத்தவன் என்ற பெயரோடு இந்த ரயில் பாதையில் வேறு எந்தக் கிடங்கில் இவருக்கு வேலை கிடைக்கும்? சொந்த வீட்டிலேயே அந்தப் பெயர் நிற்கிறது. அப்போதுதான் எனக்கு எம்.டி. மேல், மாலக் மேல், பயந்து நின்ற என் மேல் நிஜமாகவே கோபம் வந்தது. நாலே கால் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பெரும்பாலும் லதாவின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினோம். கிளம்பும்போது ஸ்ரீகண்டை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார்.

ஆறாம் நாள் காலை மாலக் தன் கையாலேயே பூட்டைத் திறந்தார். எதையும் தொடாமல் முதலில் உள்ளே நடந்து எந்த நம்பர் எங்கே என்று புதிதாக ஒரு படம் வரைந்தேன். பூஜைக்குப் பிறகு நடந்த இடமாற்றம் அரசாங்க இலாகாக்களையே தோற்கடிக்கும். கீழ்த் தட்டில் இருந்தது மேலே, கதவருகில் இருந்தது நடுவில். ஒன்பதாம் நம்பர் முன்பக்க மின்விசிறிக்கு எதிரே சுகமாக உட்கார்ந்திருந்தது. பின்பக்க வலது மூலை மேல் தட்டில், வாடிய செண்டுமல்லி மாலையோடு, நான்காம் நம்பர்.

குங்குமத்தைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாக லேப்டாப்பில் செருகினேன். ஆயுத பூஜையன்று பிற்பகலில் பதினைந்து கோடுகளும் சேர்ந்து ஒரே மூச்சில் இருபத்தெட்டுக்கு ஏறியிருந்தன. ஒன்பது மட்டும் நாற்பத்தொன்று வரை போயிருந்தது. கற்பூரத்தின் கைங்கரியம். மாலக் அதைத் தொட்டுக் காட்டி, பார்த்தீர்களா, எல்லாம் பூஜைச் சூடு, தூக்கிப் போடுங்கள் என்றார். அந்த இரண்டு மணி நேரத்தைத் தூக்கிப் போட்டேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் இருப்பதைப் பார்க்கலாம் என்றேன்.

முன்னால், தினமும் மத்தியானம் ஒன்பது மட்டும் ஏறுகிறது. பின்னால், ஒன்பது ஐந்திலேயே நிற்கிறது. அதுவரை ஒரு குறையும் இல்லாத நான்காம் நம்பர், மூலைக்குப் போனதும் ஏறுகிறது. கருவி மாறியும் மூலை மாறவில்லை. நான் திட்டமிட்டுச் செய்திருந்தால்கூட இப்படி மாற்றி வைத்துப் பார்க்கத் தோன்றியிருக்காது. தசராவன்று மத்தியானம் ஒன்றரைக்கு மேல், மேற்குச் சுவரில் வெயில் விழும் நேரம், நான்காம் நம்பரின் கோடு மெதுவாக எழுந்து, மூன்றரைக்குப் பதினொன்றைத் தொட்டு, ஐந்துக்கு மேல் இறங்குகிறது.

"நேத்து மத்தியானம் கதவை யாருங்க தொறந்தாங்க?" என்று என் சினிமா இந்தியில் கேட்டேன்.

யாரும் திறக்க முடியாது என்றார் மாலக், சட்டென்று. பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. கை தானாக இடுப்பில் இருந்த சாவிக்குப் போயிற்று. அந்த நேரத்தில் செல்வம் தாபோடியில் என் எதிரே உட்கார்ந்து பூரி தின்றுகொண்டிருந்தார், நான் சாட்சி என்றேன். இன்னும் சொல்லப்போனால், அவர் தின்னவில்லை, பிய்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மாலக் குளிர் அறைக்குள் போனார். ஏணியில் தானே ஏறி, பின்மூலையில் கையை நீட்டிக் காற்று வருகிறதா என்று பார்த்தார். மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். இரண்டு நிமிடம் கழித்து வெளியே வந்தார். செல்வம் வாசலில் நின்றிருந்தார்.

"சரி விடு. மன்னித்துவிட்டேன். எப்போதும் போல வேலைக்கு வா" என்றார் மாலக். மராட்டியில்தான் சொன்னார், அது எனக்கே புரிந்தது.

செல்வமும் மராட்டியிலேயே கேட்டார். "மன்னிக்கும்படி நான் என்ன செய்தேன், மாலக்?"

அந்தக் குரல் உயரவில்லை. செல்வமே தொடர்ந்தார். அன்றைக்கு எல்லோரையும் நிற்க வைத்து அவர்கள் முன்னால் சொன்னீர்கள். இன்றைக்கும் அவர்கள் முன்னால் சொல்லுங்கள்.

மாலக் என் பக்கம் திரும்பினார். நீங்கள் நிபுணர், நீங்களே சொல்லிவிடுங்களேன் மேடம் என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை ஒருவர் நிபுணர் என்கிறார். அதை அனுபவிக்கக்கூட நேரமில்லை. நான் அளக்க வந்தவள், அதை அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், இது உங்கள் வேலை என்றேன். எம்.டி. ஞாபகத்துக்கு வந்தார். வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆறு பேரும் வந்து செல்வத்தோடு வரிசையாக நின்றார்கள். மாலக் தொண்டையைச் செருமினார். யார் முகத்தையும் பார்க்காமல், கூரையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார். போன மாதம் பெட்டிகள் கெட்டதற்குக் காரணம் பின்பக்க மின்விசிறி. செல்வம் அதை மூன்று தடவை சொன்னான். நான் கேட்கவில்லை. கதவை அவன் திறந்து போடவில்லை.

அவர் பின்னால், அவரே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த அவசரத்தில் சாத்தாமல் விட்டதால், குளிர் அறையின் கதவு அகலத் திறந்து கிடந்தது. வெள்ளைப் புகையாகக் குளிர் வெளியே வந்துகொண்டிருந்தது. அவர் பேசி முடிக்கும்வரை செல்வத்தால் பொறுக்க முடியவில்லை. வரிசையிலிருந்து விலகிப் போய், முதலாளியைச் சுற்றி நடந்து, கதவை இழுத்துச் சாத்தினார்.